பதினான்காவது மீன்

டோக்கெலாவ்,
திங்கட்கிழமை காலை.

அன்பு மகள் தெலேஹியாவுக்கு,

போரிருவா நகரத்துக் குளிரில் நீயும் மருமகனும் குழந்தை லூக்காவும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே நான் சுகம், வலது முட்டியைத் தவிர. கப்பல் வெள்ளிக்கிழமை வரும் என்று வானொலியில் சொன்னார்கள். அதனால் தினமும் கொஞ்சம் எழுதி, வியாழன் மாலை உறையை ஒட்டிவிடலாம் என்று எண்ணம். போனில் பேசினால் சுகமா, சுகம், சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன் என்று முடிந்துவிடுகிறது. வைத்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் ஞாபகம் வருகிறது. ஆகவே எழுத வேண்டியதை முதலிலேயே எண் போட்டு வைக்கிறேன்.

1. என் உடம்பு, தண்ணீர்த் தொட்டி.
2. நீ அனுப்பிய பொருட்கள் வந்து சேர்ந்த விவரம்.
3. தனியெலு வீட்டு விஷயம், நடந்தது நடந்தபடி.
4. லோமனோ மீன் பங்கிடும் வேலைக்கு ஏன் தகுதியில்லாதவன் என்பதற்கு மூன்று காரணங்கள்.
5. நீ கேட்ட கேள்விக்குப் பதில்: நீ மேற்பார்வை செய்யும் சமையலறையில் வேலை செய்யும் மெரேவைப் பற்றி மேலாளரிடம் சொல்லிவிட வேண்டும். கெட்டது என்பது எண்ணிக்கை தவறுவது. அதில் காரணம் பார்க்கக் கூடாது.
6. கப்பலில் நான் அனுப்பும் பொருட்கள்: காய்ந்த மீன் ஒரு டின், தாழம்பாய் ஒன்று.

முதல் இரண்டையும் சேர்த்து முடித்துவிடுகிறேன். முட்டிக்கு நீ அனுப்பிய களிம்பு நல்ல களிம்பு, தேய்த்தால் சூடாகிறது, வலி மட்டும் அப்படியே இருக்கிறது. கம்பளிக் காலுறை இரண்டு சோடி வந்தது. இங்கே யாரும் காலுறை போடுவதில்லை என்பது எட்டு வருடத்தில் உனக்கு மறந்துவிட்டதா, அல்லது அப்பாவின் கால் எங்கிருந்தாலும் குளிரும் என்று நினைத்தாயா, தெரியவில்லை. அதில் ஒன்றில் மூக்குக் கண்ணாடியைப் போட்டு வைத்திருக்கிறேன், சரியாக இருக்கிறது. ஐந்து வாரமாக மழை இல்லை, தொட்டியில் தண்ணீர் என் இடுப்புக்குக் கீழே போய்விட்டது. உன் சித்தி நாள் தவறாமல் சேம்போ ஈரப்பலாவோ அவித்துக் கொண்டுவந்து வைக்கிறாள். பங்கு நாட்களில் எனக்குரிய மீனையும் அவளே கொண்டுவருகிறாள். உன் அம்மாவின் கல்லறையில் ஞாயிறுதோறும் வெள்ளைப் பவளச் சல்லியைப் புதிதாகப் பரப்புகிறேன். அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது, ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

மூன்றாவதற்கு வருகிறேன். உனக்கு நினைவிருக்கும், தனியெலுவின் மூத்த பெண் மாலியா காலில் எலும்பு சீழ் பிடித்து மூன்று மாதத்துக்கு முன் அபியாவுக்குக் கப்பல் ஏறினாள், அங்கே மருத்துவமனையில் இருக்கிறாள். இனாத்திப் பங்கு நடக்கும் திடலில் ஊர் மீனைப் பங்கிடுவது லோமனோவும் நானும். பாதிக் குடும்பக் குழுக்களை அவன் கூப்பிடுவான், பாதியை நான். தீவில் இருக்கும் ஒவ்வொரு தலைக்கும் ஒரு பங்கு, நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் ஒரு பங்கு, கப்பல் ஏறியவருக்குக் கிடையாது. நீ கப்பல் ஏறிய அன்றே உன் தலையைக் குறைத்துக் கூப்பிட்டவன் நான்தான். அதற்காக உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் லோமனோ, மாலியா போன பிறகும் "தனியெலு வீடு, ஏழு" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தனியெலுவின் மனைவி பிலோமெனாவும் ஒன்றும் சொல்லாமல் கூடையில் ஏழு மீனை வாங்கிக்கொண்டு போனாள். ஒருமுறை மறதி என்று விட்டேன். இரண்டாம் முறை லோமனோவின் காதில் போட்டேன். அவன், "விட்டுத்தொலைங்க வாத்தியாரே, ஒரு மீனு. கடல் என்ன பூட்டியா கிடக்கு?" என்றான். மூன்றாம் முறை நான் திரும்பவும் சொன்னபோது சிரிக்காமல் என் முகத்தைப் பார்த்து, "எண்ண ஆரம்பிச்சா அது எங்க போய் நிக்கும்னு உங்களுக்குத் தெரியாது" என்றான். அது எனக்கு மிரட்டல்போல் பட்டது. என் சுபாவம் உனக்குத் தெரியும், நேராக நின்று பேச எனக்கு வராது. ஒரு தாளில் தேதிவாரியாக எழுதி, பெரியவர் யோவகிமோவின் வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

பெரியவர்களின் அவை கூடியது. தனியெலு "ஆமா, வாங்கினோம்" என்று மட்டும் சொன்னான். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும் அவசியமும் இல்லை, எண்ணிக்கை சரியா தவறா என்பதுதானே கேள்வி. லோமனோவை வைதார்கள், அவன் பாயையே பார்த்துக்கொண்டிருந்தான், அவன் வாழ்க்கையில் வாயைத் திறக்காத ஒரே கூட்டம் அதுவாகத்தான் இருக்கும். நாற்பது நாளைக்குத் தனியெலு வீட்டின் பெயரைத் திடலில் கூப்பிடக் கூடாது என்று முடிவானது. அன்றிலிருந்து இன்றைக்கு இருபது நாள். தனியெலு ஊர் ஆட்களோடு படகில் போய்ச் சூரை பிடிக்கிறான், கரைக்கு இழுக்கிறான், திடலில் கொட்டுகிறான், பிறகு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறான். கடினம்தான். ஆனால் நான் செய்தது சரி என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. தெரிகிறது என்று எழுதிவிட்டு எழுந்துபோய்த் தொட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். காலையிலிருந்து இது நான்காவது முறை. மழை இல்லாமல் தண்ணீர் எப்படி ஏறும்.

செவ்வாய் காலை. நாலாவது விஷயம். லோமனோவைப் பற்றிக் கோள் சொல்வதாக நினைக்காதே, காரணங்களோடுதான் எழுதுகிறேன். ஒன்று, அவன் சிறுவயதிலிருந்தே கிரிக்கெட்டில் ஓடாத ஓட்டத்தை ஓடியதாகச் சொல்பவன், ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஆட்டத்தின் ஓட்டங்கள் இன்னும் அவன் கணக்கில் கூடிக்கொண்டிருக்கின்றன. இரண்டு, பூசையில் சிரிக்கிறான். மூன்று, முகம் பார்த்துப் பங்கிடுகிறான். பிள்ளைத்தாய்ச்சி வந்தால் பெரிய மீன், சண்டைக்காரி வந்தால் அதைவிடப் பெரிய மீன். கேட்டால், "வாத்தியாரே, மீனுக்கே அளவு இல்ல, எனக்கு எதுக்கு?" என்கிறான். இப்படிப்பட்டவனிடம் நல்ல மனம் இருக்கிறது என்று உன் அம்மா எப்போதும் சொல்வாள். நல்ல மனம் வேறு, நல்ல செயல் வேறு என்று நான் சொல்வேன். இந்த வாதம் முப்பது வருடம் நடந்தது, முடியவில்லை. புது நர்ஸ் எல்லாரையும் தடுப்பூசிக்குப் பெயர் கொடுக்க வரச் சொல்லியிருக்கிறாள், போய்விட்டு வந்து ஐந்தாவதை எழுதுகிறேன்.

செவ்வாய் மாலை. மகளே, ஐந்தாவதை இப்போது எழுத முடியாது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், வரிசை தப்பினால் நான் எதையாவது மறைத்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. நர்ஸ் வசீத்தி பிஜிக்காரப் பெண், போன கப்பலில் வந்தவள். மருந்தகத் தாழ்வாரத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். லோமனோவும் இருந்தான், பாறையில் குத்திக்கொண்ட காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு எல்லாரிடமும் வம்பளந்துகொண்டிருந்தான். வசீத்தி பதிவேட்டைப் பார்த்து, "ஐயா, உங்க குழுவில மொத்தம் பதிமூணு பேர்" என்றாள். நான் பதினான்கு என்றேன். அவள் மறுபடி எண்ணிப் பார்த்துப் பதிமூன்று என்றாள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, அதைவிட அதிகமாகப் பெருமையும் வந்தது என்று நினைக்கிறேன். "அம்மா, இந்த ஊரில் தலை எண்ணுவது என் வேலை. எழுதிக்கொள்ளுங்கள், சொல்கிறேன்" என்று விரலை மடக்கிச் சொல்லத் தொடங்கினேன். "பெலெனாத்தோ, அது நான். அகாதா. பிறகு என் தம்பி மனுவேலே, அவன் மனைவி" என்று போய்க்கொண்டே இருந்தேன், பதினான்கு வந்தது. அவள் எழுதி முடித்து நிமிர்ந்து, "அகாதா அம்மா இந்தப் பதிவேட்டுல இல்லையே, அவங்க எப்ப வருவாங்க? ஊசி போடணும்" என்று கேட்டாள்.

எல்லாரும் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். லோமனோதான், "எழுதிக்கோம்மா, எழுதினா என்ன, பேனா தேஞ்சிடுமா? அந்த அம்மாவுக்கு ஊசின்னா பயம், வர மாட்டாங்க" என்றான். குரல் எப்போதும்போல இருந்தது, வாளியில் இருந்த கால் மட்டும் அசையாமல் நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் முகத்தில் ஆச்சரியமே இல்லை, மகளே. அவர்களுக்கு இது தெரிந்த விஷயம். பதினான்கு மாதமாக ஒவ்வொரு பங்கு நாளிலும் நான் திடலில் நின்று, என் வாயால், என் குழுவுக்குப் பதினான்கு என்று கூப்பிட்டு வந்திருக்கிறேன். உன் அம்மாவுக்கு ஒரு மீன். உன் சித்தி என் மீனோடு அதையும் சேர்த்து இரண்டாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவாள்.

அவள் இறந்தது எனக்குத் தெரியாதா? சல்லி பரப்புகிறேனே. அப்படியென்றால் தெரிந்தே செய்தேனா என்று வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன். இல்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் இரண்டு மீனில் ஒன்றைத்தான் தின்றேன். மற்றொன்றை ஒவ்வொரு முறையும் கீறி, உப்பிட்டு, கூரைத் தகரத்தில் காயவைத்தேன். ஒரு ஆளுக்கு இரண்டு ஏன் வருகிறது என்று கேட்காமலே கத்தியை எடுத்த கை யாருடையது? அந்த மீன்தான் ஒவ்வொரு கப்பலிலும் டின்னில் உனக்கு வந்தது. நீயும் மருமகனும் குழந்தையும் சாப்பிட்டது உன் அம்மாவின் பங்கு. தேங்காய்ப்பாலில் வேகவைத்தோம், ஊர் ருசி என்று நீ எழுதியிருந்தாய்.

புதன்கிழமை. நேற்று இரவு முழுக்க ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் முதல் வேலையாக லோமனோ வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கலாலாதான் முன்னால் வந்தாள். "வாங்க வாத்தியாரய்யா, எண்ண வந்தீங்களா? எங்க வீட்ல பதினொரு பேர், போன மாசம் வரைக்கும் ஒம்பது மீனு. நல்லா எண்ணிக்கோங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. லோமனோ உள்ளேயிருந்து "வாயை மூடு" என்று அவளை அதட்டிவிட்டு நொண்டிக்கொண்டே வந்தான். அவனிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. நான் பதினான்கு என்று கூப்பிட்ட முதல் நாளே அவன் தன் குவியலில் ஒன்றைக் குறைத்துக்கொண்டான். ஊரார் பங்கு ஒரு செதில்கூடக் குறையக் கூடாது என்பதற்காக. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "எப்படிச் சொல்றது? வாத்தியாரே, உங்க சம்சாரம் செத்துட்டாங்கன்னா? அது உங்களுக்கே தெரியும்ல. இன்னும் ஒரு மாசம் போகட்டும், இன்னும் ஒரு மாசம் போகட்டும்னு இருந்தேன். அப்புறம் எனக்கே பழகிடுச்சு. மீனு தின்னு தின்னு எனக்கும் அலுத்துப்போச்சு" என்றான்.

பிறகு மாலியா போனாள். பிலோமெனா ஒருநாள் அவனிடம் வந்து, மருத்துவமனையில் பெண் சரியாகச் சாப்பிடவில்லை, ஊர் மீன் இருந்தால் சாப்பிடுவேன் என்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாள். லோமனோ ஏழு என்றே கூப்பிட்டு, தன் குவியலில் இரண்டாவதையும் குறைத்துக்கொண்டான். பிலோமெனா அந்த ஏழாவது மீனை உப்பிட்டுக் காயவைத்து டின்னில் போட்டுக் கப்பலில் மகளுக்கு அனுப்பினாள். "நீங்க உங்க பொண்ணுக்கு அனுப்புறீங்கல்ல, அதே மாதிரிதான்" என்றான் லோமனோ, குத்திக் காட்டுவதற்காக அல்ல, எனக்குப் புரிய வைப்பதற்காக. அவையில் இதை ஏன் சொல்லவில்லை, யாருக்கும் நட்டமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தனியெலு வீடு தப்பியிருக்குமே என்றேன். அவன் நீண்ட நேரம் கால் கட்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். "என் குவியல்ல ஒண்ணு குறைச்சேன்னு சொன்னா, குறையிறது ரெண்டாச்சே, இன்னொண்ணு எங்கன்னு கேப்பாங்க. அது உங்க பக்கம் வந்து நிக்கும். உங்களை விட்டுக்கொடுக்க முடியல, அவனை விட்டுட்டேன். தனியெலு மூஞ்சியை நான் இன்னும் நேராப் பாக்கல வாத்தியாரே. மீனைக் கொடுத்தது என் தப்பு இல்ல. அன்னிக்குப் பாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேனே, அதுதான் தப்பு."

அங்கிருந்து நேராகப் பெரியவர் யோவகிமோவிடம் போனேன். போகும் வழியில் சொல்ல வேண்டியதை மனதுக்குள் நான்கு வாக்கியமாகக் கட்டிவைத்திருந்தேன். அவர் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். பன்றிக்குக் காய்ச்சல் என்றார், வருத்தப்பட்டேன். முட்டி எப்படி என்றார். நான்கு வாக்கியத்தையும் அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்தவனைப் பற்றி எழுதிக்கொடுக்க மட்டும் கால் எப்படி அவ்வளவு வேகமாகப் போயிற்று?

வியாழக்கிழமை. காலையில் ஆட்கள் சூரை பிடித்து வந்தார்கள். நிறைய மீன், தலைக்கு ஒன்று முழுதாக வரும். திடலில் குவியல் போட்டோம். பெண்கள் தென்னோலைக் கூடைகளோடு சுற்றி நின்றார்கள். தனியெலு வழக்கம்போல் துடுப்பைக் கழுவிக்கொண்டு தள்ளி நின்றான். இன்றைக்கு பிலோமெனாவும் வந்திருந்தாள், கூடை இல்லாமல். நாளைக்குக் கப்பல் என்பதால் யாரிடமாவது காய்ந்த மீன் ஒன்று கிடைக்குமா என்று பார்க்க வந்திருப்பாள் என்று தோன்றியது. என் முறை வந்தது. தம்பி பெயரில் இருக்கும் எங்கள் குழுவை, "மனுவேலே குழு" என்று கூப்பிட்டேன். பிறகு, பதிமூன்று என்றேன். என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. லோமனோ உடனே "பதினாலு!" என்று கத்திக்கொண்டு மீனை அள்ளினான். நான் "பதிமூன்று" என்று மறுபடி சொன்னேன். அந்த எண்ணைச் சொல்லும்போதுதான், மகளே, உன் அம்மா இறந்தாள். கல்லறையில் மண் தள்ளியபோது எனக்கு இப்படி இருக்கவில்லை. லோமனோ கையில் இருந்த மீனைத் திரும்பக் குவியலில் வைத்தான், மெதுவாக.

நின்றுவிட்டால் பிறகு பேச்சு வராது என்று எனக்குத் தெரியும், அதனால் அதே மூச்சில் "தனியெலு வீடு, ஆறு" என்றேன். யோவகிமோ எழுந்து, "யார் சொல்லிக் கூப்பிடுறீங்க? இன்னும் நாள் இருக்கு" என்றார். நான், "என் வீட்டில் பதினான்கு மாதமாக ஒரு தலை அதிகம் கூப்பிட்டேன். கூப்பிட்டவனும் நானே, வாங்கினவனும் நானே. முதலில் என் பெயரை நிறுத்துங்கள், இல்லையென்றால் அவர்கள் பெயரைக் கூப்பிட விடுங்கள்" என்றேன். முழுதாகச் சொல்லி முடித்தேன். கூட்டத்தில் யாரோ, "எங்களுக்கு எப்பவோ தெரியும் வாத்தியாரய்யா, உங்களுக்கு எப்பத் தெரியும்னுதான் பாத்துக்கிட்டிருந்தோம்" என்றார்கள். யோவகிமோ, "உங்களை நிறுத்திட்டா யாரு எண்ணுறது, லோமனோவா? அப்புறம் ஊர்ல முந்நூறு தலை அறுநூறு ஆயிடும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். லோமனோவும் சிரித்தான். அவ்வளவுதான், எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. எவ்வளவு எளிதாகக் கிடைத்தது என்பதை நினைக்க நினைக்க என்னால் உட்கார முடியவில்லை.

தனியெலு சிரிக்கவில்லை. பிலோமெனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். சத்தம் போடவில்லை. "வாத்தியாரய்யா, இத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு. நீங்க எடுத்தா அது துக்கம். நாங்க எடுத்தா அது திருட்டு. அப்படித்தானே?" என்றாள். சிரிப்பு நின்றது. நாற்பது வருடம் பாடம் நடத்தியவன், குவியலில் கிடந்த மீன்களை மறுபடி எண்ணிக்கொண்டு நின்றேன். அவள் கேட்டது என்னை மட்டுமல்ல, பதினான்கு மாதம் என்மேல் இரக்கப்பட்டு வாயை மூடியிருந்த எல்லாரையும். அந்த இரக்கம் என்னைக் காப்பாற்றியது, அதே இரக்கம்தான் அவளை இருபத்து மூன்று நாள் பட்டினி போட்டது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கும்போது எதை நல்லது என்பது, எதைக் கெட்டது என்பது? யோவகிமோ கடைசியில், "சரி, கூப்பிட்டாச்சு. கூப்பிட்ட மீனைத் திரும்ப அள்ளுற வழக்கம் நம்மகிட்ட இல்ல. இனி கூப்பிடுங்க" என்றார். லோமனோ ஆறு மீனை எண்ணி வைத்தான். பெரிய மீன்களாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தான், அதை நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. பிலோமெனாவிடம் கூடை இல்லாததால் தனியெலு ஈரச் சட்டையைக் கழற்றி அதில் கட்டிக்கொண்டு போனான்.

நாலாவதில் எழுதிய மூன்று காரணங்களையும் அடிக்கவில்லை. அவை உண்மைதான், அவன் அப்படித்தான். ஆனால் நான் அவற்றை எதற்குக் காரணமாக எழுதினேனோ அதற்கு அவை காரணமில்லை. உன் அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

இனி ஆறாவது. உனக்கென்று கட்டி வைத்திருந்த மீன் டின் இந்தக் கப்பலில் வராது, கோபித்துக்கொள்ளாதே. இன்று பிடித்த மீன் நாளைக்குள் காயாது, மாலியாவுக்கு அனுப்ப பிலோமெனாவிடம் காய்ந்தது எதுவும் இல்லை. மதியம் டின்னை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே வரச் சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. வாசலிலேயே மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உப்பு பத்தல. இந்தப் புழுக்கத்துல அபியா போறதுக்குள்ள நாறிடும். யாரு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அகாதா செய்வதைப் பார்த்துச் செய்தேன் என்றேன். அவள் டின்னை வாங்கிக்கொண்டாள். பிறகு உள்ளே போய்ப் பாயை விரித்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து மறுபடி உப்புத் தடவத் தொடங்கினாள். நான் வந்துவிட்டேன். இத்தனை நாளும் நீ உப்புக் குறைந்த மீனைத் தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய் என்பதும் இன்றுதான் தெரிந்தது. உனக்குத் தாழம்பாய் மட்டும் வருகிறது, ஈரத்தில் வைக்காதே.

மாப்பிள்ளை முறுக்கு இல்லாத உன் புருஷனுக்கு என் அன்பு, அவன் நல்லவன் என்று நான் எந்தக் காரணமும் எழுதாமலே நம்புகிறேன். லூக்காவுக்குக் காது மூடும் தொப்பி போட்டு அனுப்பு. காலுறையை இங்கே அனுப்பாதே, அவன் காலுக்குப் போடு. ஆண்டவர் உங்கள் மூவரையும் கையில் வைத்துக் காக்கட்டும், உன் அம்மாவும் அவரிடம் அதையே கேட்டுக்கொண்டிருப்பாள்.

மறக்காமல் ஒன்று. மெரே மிஞ்சிய கஸ்டர்டையும் ரொட்டியையும் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறாள், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி, மேற்பார்வை செய்கிற நான் என்ன செய்வது என்று எழுதியிருந்தாய். யாருக்குக் கொண்டுபோகிறாள் என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. முதலில் அவளிடம் கேள். முதல் பக்கத்தில் ஐந்தாவது எண்ணுக்கு நேரே நான் எழுதியிருப்பது தவறு.

உன் அப்பா,
பெலெனாத்தோ